வாயும் வயிறும்: சிற்றளவு அச்சுமைக் கொள்முதல் பற்றிய ஓர் ஆய்வு

1. எடுத்துக்கொண்ட பொருள்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், காப்பியும் மிளகும் மலைவாழையும் நிழல்மரங்களுக்கடியில் ஒன்றாய் விளையும் ஊர் வடகவுஞ்சி. அங்கே ஒரு வீட்டின் பின்கட்டில், காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு இயந்திரம் ஒன்று நிற்கிறது. பழனியில் மூடப்பட்ட ஓர் அச்சகத்திலிருந்து இரும்பு விலைக்கு வாங்கி, சரக்கு வண்டியில் கயிறு கட்டி ஏற்றி வந்தது. கூடவே நான்கு கேஸ் நிறையத் தமிழ் ஈய எழுத்துகளும் வந்தன. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருமுன் வார்த்தவை. ஆகவே லை, னை முதலிய எழுத்துகள் தும்பிக்கை தூக்கியபடியே இருக்கின்றன. அந்த எழுத்தைக் கொண்டு மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நூறு அட்டை அச்சிடுவது நம் வழக்கம். ஊதியத்துக்காகச் செய்வதில்லை.

எழுத்து கிடைத்தது, இயந்திரம் கிடைத்தது, தாள் எங்கும் கிடைக்கிறது. இடறியது மைதான். மை விற்பவர் அதைக் கிலோக் கணக்கில் விற்கிறார். நமக்கு ஒரு வேலைக்கு வேண்டியது கிராம் கணக்கில். இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதே இக்கட்டுரையின் வினா. வினா சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விடை, ‘சின்ன டப்பாவாகப் பார்த்து வாங்கு’ என்பது, தவறானது என்று காட்ட முடியும். அதைக் காட்டுவதற்கு மையின் இயல்பிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

2. சொற்களும் வரையறைகளும்

தமிழில் ‘மை’ ஒரு பெருங்குடும்பப் பெயர். கண்ணுக்கு இடுவதும் மை. வண்டி அச்சுக்குப் பூசுவதும் மை. ஏட்டில் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியும்படி கரி முதலியவற்றைத் தடவுவது மையாடல். வாக்குச்சாவடியில் விரலில் வைப்பதும் மை. 1962 பொதுத்தேர்தல் தொடங்கி அந்தக் கடைசி மையை மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் குப்பிகளில் அடைத்து அனுப்பிவருகிறது. இந்த நாட்டில் மையை மிகச் சிறிய அளவில் அடைக்கும் கலை தெரிந்த நிறுவனம் அது. நமக்கு விற்காது, விற்றாலும் பயனில்லை.

அச்சுமை என்று நாம் இங்கே குறிப்பது எண்ணெயும் பிசினும் கலந்த கெட்டியான பாகில் நிறப்பொடியை அரைத்துச் சேர்த்த பொருளை. எழுத்துமை நீர்போல் ஓடும், அச்சுமை ஓடாது. எழுத்தின் மேடான முகத்தில் மட்டும் நின்று, பள்ளத்தில் இறங்காமல், அழுத்தும்போது தாளுக்கு மாறவேண்டும் என்பதால் அது ஓடக்கூடாது. இதன் ஒழுக்கத்தைச் சொல்ல மூன்று சொற்கள் வேண்டும்.

பாகுத்தன்மை: நகர்த்தும் விசைக்கு மை காட்டும் எதிர்ப்பு. ஒட்டிழுவை: இரு பரப்புகளுக்கு நடுவே படிந்த மைப்படலத்தைப் பிரிக்க முயலும்போது அது காட்டும் பிடிவாதம். சுழலும் உருளையிலிருந்து எழும் ‘சிச்சிச்’ என்ற ஓசை இந்த ஒட்டிழுவையின் குரல். பழைய மிதிப்பணியாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓசையைக் கேட்டே மை போதுமா, மிகையா என்று சொல்வார்கள். நெடுமை–குறுமை: கத்தியால் தொட்டுத் தூக்கினால் தேன்போல் நூலிழுப்பது நெடுமை, வெண்ணெய்போல் அறுந்து நிற்பது குறுமை.

இவற்றோடு நாமே ஆக்கிக்கொண்ட சொற்கள் மூன்று. கழுவிழப்பு: வேலை முடிந்து உருளையையும் தட்டையும் துடைக்கும்போது துணியோடு போகும் மை. ஆடையிழப்பு: கலத்தில் மையின் மேல் ஆடை படிந்து, அதை நீக்கும்போது அதனுடன் போகும் மை. திறந்தாயுள்: கலத்தை முதன்முறை திறந்த நாளிலிருந்து அதிலுள்ள மை அச்சுக்குத் தகுதியுடன் இருக்கும் காலம். ‘ஆடை’ என்பதை நாம் ஆக்கவில்லை. காய்ச்சிய பாலின்மேல் படிவதற்குச் சொல்வதை அச்சகத்தார் மைக்கும் சொல்லிவந்தார்கள். இதைவிடப் பொருத்தமான சொல் வேறு இருக்க முடியாது.

3. மையின் உறுப்புகளும் உலரும் வழிகளும்

கறுப்பு மையின் நிறமி கரி. எண்ணெயையோ வாயுவையோ குறைந்த காற்றில் எரித்துப் பிடித்த புகைக்கரி அது. மண்விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை எடுத்த பாட்டிமார் அறிந்த வித்தைதான். அதைத் தாங்கும் ஊடகம் பழங்காலத்தில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். அதில் பைன் மரப்பிசினைக் கரைப்பார்கள். கொடைக்கானலுக்கு வருபவர்கள் வரிசையாய் நின்று படமெடுத்துக்கொள்ளும் பைன்காட்டின் இனமே அந்தப் பிசினைச் சுரக்கிறது என்பதை அங்கே யாரும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கவில்லை. இன்றைய மைகளில் செயற்கைப் பிசின்களும் கனிம எண்ணெய்களும் சேர்ந்துள்ளன. கோபால்ட், மாங்கனீசு உப்புகள் உலர்த்தியாகச் சிறிதளவு இடப்படுகின்றன.

வாங்குபவர் முதலில் அறியவேண்டியது மையின் பெயரையோ நிறத்தையோ விட அது எப்படி உலர்கிறது என்பதையே. உலரும் வழியைக் கொண்டு மைகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறோம்.

முதல் வகுப்பு உறிஞ்சுலர் மை. எண்ணெய் தாளுக்குள் இறங்கிவிட, நிறமி மேலே தங்குகிறது. வேதிமாற்றம் எதுவும் இல்லை. நாளிதழ் மை இதற்குத் தூய எடுத்துக்காட்டு; காலையில் இதழைப் படித்தவரின் விரல் கறுப்பதற்குக் காரணம், அந்த மை உண்மையில் ஒருநாளும் காய்வதில்லை என்பதே. இவ்வகை கலத்தில் ஆடை கட்டாது. இதே வகுப்பை ஒட்டியது, மேலை நாடுகளில் சிறு அச்சகத்தார் விரும்பும் ரப்பர் சேர்ந்த மை. இரவு முழுதும் உருளையில் விட்டுவைத்தாலும் மறுநாள் ஓட்டலாம்.

இரண்டாம் வகுப்பு வளியுலர் மை. இதன் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, திரும்பக் கரையாத படலமாகிறது. தாளின் மேல் நமக்கு நன்மை செய்யும் இதே வினைதான் கலத்துக்குள் ஆடையாகத் தீமை செய்கிறது. தாள்தாளாக ஓட்டும் ஆஃப்செட் இயந்திரங்களுக்கு விற்கப்படும் மைகளில் பெரும்பாலானவை இவ்வகை. இவற்றிலேயே ஆடை தாமதமாகக் கட்டும்படி தயாரித்தவையும் உண்டு. இயந்திரத்தின் மைத்தொட்டியில் இரவைத் தாண்டும் என்று விற்பனையாளர் சொல்வார். நமக்கு ஏற்றவை அவை.

மூன்றாம் வகுப்பு ஒளியுலர் மை. புற ஊதா விளக்கின் கீழ் நொடியில் கெட்டியாவது. விளக்கில்லாத நாம் இதைத் தொடவேண்டியதில்லை. கடைக்காரர் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம். காயாமல் நிற்கும், தோலுக்கும் ஆகாது.

4. சிற்றளவின் பழங்கதை

சிறிதாக வாங்கமுடியாத துன்பம் புதிதன்று. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய பாதிரியார் சீகன்பால்குவுக்காக இலண்டனிலிருந்து கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சுப்பொறி வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. உடன்வந்த அச்சுப்பணியாளர் தரங்கம்பாடியைக் காணாமல் வழியிலேயே இறந்தார். பொறி மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை பெரியவை, தாளை விழுங்கின. தாளோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டியது. ஆகவே உள்ளூரிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. இவ்வாறு அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முற்றுப்பெற்றது.

இந்த நிகழ்ச்சியை நாம் மதநூல் வரலாறாகப் பார்க்காமல் கொள்முதல் வரலாறாகப் பார்க்கிறோம். சரக்கு தொலைவிலிருந்து, பிறருக்கு வசதியான அளவில் வரும்போது, வாங்குபவர் இரண்டு வழிகளில் எதிர்வினை செய்கிறார்: தேவையைச் சுருக்குகிறார், அல்லது சரக்கைத் தம் இடத்திலேயே வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறார். எழுத்தைச் சிறிதாக்கியது முதல் வழி. பெட்டியின் ஈயத்தை எழுத்தாக்கியது இரண்டாவது. பின்வரும் பகுதிகளில் நாம் செல்வது இரண்டாம் வழியில்.

5. எவ்வளவு வேண்டும்?

கணக்கைத் தொடங்குவோம். அஞ்சலட்டை அளவு 14 × 9 செ.மீ., அதாவது 126 சதுர செ.மீ. பத்து வரி கோத்த அட்டையில் எழுத்தின் முகம் உண்மையில் மறைப்பது பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம், 12.6 சதுர செ.மீ. எழுத்தச்சில் தாளேறும் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 3 மைக்ரான். ஆகவே ஓர் அட்டைக்கு வேண்டியது 0.004 கிராம் மை. நூறு அட்டைக்கு 0.4 கிராம். ஒரு பச்சைப்பயறு இதில் கால் பங்கு எடைகூட இராது என்பதை நம்பாதவர், பயறுகள் பத்தை எடுத்துத் தராசில் வைத்துப் பார்க்கலாம். பத்தும் சேர்ந்தே அரை கிராம் அளவில்தான் நிற்கும்.

ஆனால் அட்டை மட்டும் மை குடிப்பதில்லை. நம் இயந்திரத்தின் வட்டத் தட்டு 30 செ.மீ. விட்டம், பரப்பு ஏறத்தாழ 700 சதுர செ.மீ. மூன்று உருளைகளின் பரப்பு சேர்ந்து 1,300. இவை அனைத்தின் மேலும் 5 மைக்ரான் படலம் பரவாமல் அச்சு சீராக வராது. அதற்கே 1 கிராம் வேண்டும். மை கலக்கும் கல்லிலும் கத்தியிலும் தங்குவது இன்னொரு கிராம். இந்த 2 கிராமும் வேலை முடிந்ததும் துணிக்குப் போகிறது. இதுவே கழுவிழப்பு. அது ஓட்டத்தின் நீளத்தைப் பொறுத்ததன்று. நூறு ஓட்டினாலும் ஆயிரம் ஓட்டினாலும் 2 கிராம்தான்.

ஆகவே நூறு அட்டை அச்சிடுபவர் தாளுக்குக் கொடுப்பதைப்போல் ஐந்து மடங்கைத் துணிக்குக் கொடுக்கிறார். ஐந்நூறு அட்டையில் இரண்டும் சமமாகும். ஆயிரத்தில் தாள் வெல்லும். தொழில் அச்சகத்தார் கழுவிழப்பைக் கணக்கில் எழுதாததற்கும், பொழுதுபோக்குக்காரர் அதை மறந்தால் ஏமாறுவதற்கும் காரணம் இதுவே.

மாதம் இரு வேலை, வேலைக்கு 2.4 கிராம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 58 கிராம். ஒரு கிலோ டப்பா பதினேழு ஆண்டுக்கு வரும். இங்கேதான் ‘சின்ன டப்பா’ அறிவுரை பிறக்கிறது. நூறு கிராம் டப்பா இரண்டாண்டுக்குச் சற்றே குறைவாக வரும். அதுவே அறிவுடைமை என்று தோன்றும். அடுத்த பகுதியில் அதைச் சோதிக்கிறோம்.

6. வாய்–வயிறு விகிதம்

பானைக்கு வாய் உண்டு, கழுத்து உண்டு, வயிறு உண்டு. மைக்கலத்துக்கும் அவ்வாறே. வயிறு கொள்ளளவு, வாய் காற்றுக்குத் திறக்கும் பரப்பு. வளியுலர் மையைக் கெடுப்பது காற்று. காற்று நுழையும் இடம் வாய். ஆகவே கலத்தின் தகுதியை அளக்க, ஒரு கிராம் மைக்கு எத்தனை சதுர செ.மீ. வாய் என்ற விகிதத்தை எடுத்துக்கொள்கிறோம்.

கிலோ டப்பாவின் வாய் விட்டம் 10.7 செ.மீ. அளவில் இருக்கும், பரப்பு 90 சதுர செ.மீ. விகிதம் கிராமுக்கு 0.09. நூறு கிராம் தட்டை டப்பாவின் வாய் 6 செ.மீ. என்றால் பரப்பு 28, விகிதம் 0.28. அதாவது சிறு டப்பா பெரியதைவிட மும்மடங்கு மோசம். கலம் சிறுக்கும்போது வயிறு விரைவாகச் சுருங்குகிறது. வாய் அந்த வேகத்தில் சுருங்குவதில்லை. வடிவியல் அறிந்தவருக்கு இது புதிதன்று. நமக்கு மட்டும் இரண்டு டப்பா கெட்ட பிறகே தெரிந்தது.

இதை ஆடையிழப்பாக மாற்றிப் பார்ப்போம். ஆடையும் அதில் ஒட்டிவரும் மையும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் தடிப்பு என்று குறைத்தே கொண்டாலும், கிலோ டப்பாவை ஒருமுறை உரித்தால் 4.5 கிராம் போகிறது. நூறு கிராம் டப்பாவை உரித்தால் 1.4 கிராம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து, ஒவ்வொரு முறையும் ஆடை கட்டியிருந்தால், கிலோ டப்பாவில் ஆண்டுக்கு 108 கிராம் வீண். பயன்பாடோ 58 தான். எனினும் கிலோ டப்பாவில் மீதி நிறைய இருக்கிறது. சிறு டப்பாவில் ஆண்டுக்கு 34 கிராம் ஆடை, 58 கிராம் பயன். 92 கிராமில் ஓராண்டுக்குள் அடி தெரிந்துவிடும். கிராமுக்கு அதிக விலை கொடுத்து வாங்கிய மையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குப்பைக்கு.

இப்போது குழலை எடுங்கள். ஓவியர்கள் பயன்படுத்தும், பிதுக்கினால் சுருங்கும் உலோகக் குழல். அதை 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் உருவாக்கினார். குழலின் வாய் விட்டம் 0.8 செ.மீ.; பரப்பு அரைச் சதுர செ.மீ. நூறு கிராம் குழலின் விகிதம் 0.005. சிறு டப்பாவுக்கும் இதற்கும் ஐம்பது மடங்கு வேறுபாடு. மேலும் ஒரு சிறப்பு: டப்பாவில் மை குறையக் குறையக் காற்று அந்த இடத்தைப் பிடிக்கிறது, குழலில் சுவரே உள்ளே வந்துவிடுவதால் காற்றுக்கு இடமில்லை. வயிறு ஒட்டிப்போகும் கலம் அது.

இதிலிருந்து பெறப்படும் கொள்முதல் விதி: எவ்வளவு மை என்று கேட்குமுன், எத்தகைய வாயில் அடைத்த மை என்று கேட்க வேண்டும்.

7. கிடைக்கும் இடங்கள்

(அ) மொத்தக் கடை. மதுரையிலும் சிவகாசியிலும் அச்சுப்பொருள் விற்போர் தெருவாகவே உண்டு. கொல்கத்தாவில் 1947இல் கோட்ஸ் ஆஃப் இந்தியா என்று தொடங்கி இன்று டி.ஐ.சி. என்ற பெயரில் உள்ள நிறுவனத்தின் மை முதல் பலவகை அங்கே அடுக்கியிருக்கும். ஒரு கிலோதான் பொது அளவு. சில வகை அரைக்கிலோவில் கிடைக்கும். “நூறு கிராம் தாங்க” என்று கேட்டால் கடைப்பையன் முதலாளியைத் திரும்பிப் பார்ப்பான். “டப்பாவை உடைச்சா மிச்சத்தை யாருங்க சார் வாங்குவா?” என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு. அவர் டப்பாவைத் திறந்த கணமே அதன் திறந்தாயுள் தொடங்கிவிடும்; அந்தச் செலவை நமக்காக அவர் ஏன் ஏற்கவேண்டும்?

(ஆ) ஓடும் அச்சகம். பழனியிலோ கொடைக்கானலிலோ அழைப்பிதழும் பில் புத்தகமும் அடிக்கும் ஆஃப்செட் அச்சகத்தில் காலை டீ நேரத்தில் போய், குழலை நீட்டி, ஐம்பது கிராம் கேட்பது. பெரும்பாலும் காசு வாங்கமாட்டார்கள். பத்திரிகை அட்டை ஒன்றை அச்சிட்டுக் காட்டினால் போதும். ஆஃப்செட் மை நீரோடு ஒட்டாமல் நிற்கும்படியும், மெல்லிய படலத்திலேயே நிறம் தரும்படியும் செய்யப்பட்டது. எழுத்தச்சில் சற்று அடர்த்தி மிகும். குறைவாகத் தடவினால் சரியாகிவிடும். நாம் அறிந்தவரை வடகவுஞ்சிக்காரருக்கு மிகச் சிறந்த ஊற்று இதுவே. இரண்டு எச்சரிக்கை. நாலு கலர் வேலைக்கான நீலமும் மெஜந்தாவும் மஞ்சளும் ஒளி புகும் மைகள். தனியே அடித்தால் சப்பென்று இருக்கும். குங்கும நிறம் வேண்டுமானால் மெஜந்தாவில் மஞ்சளைச் சேர்த்துக் கலக்க வேண்டும். அடுத்தது, அந்த அச்சகத்தில் ஒளியுலர் மையும் இருக்கக்கூடும். எது எது என்று கேட்டு வாங்குக.

(இ) மூடிய அச்சகத்தின் எச்சம். இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் பலர் இதை அஞ்சி விலக்குகிறார்கள். நம் இயந்திரத்தோடு இலவசமாய் வந்த டப்பா ஒன்று. மூடியில் துரு, உளியால் தட்டித் திறக்கவேண்டியிருந்தது. உள்ளே மெழுகுத்தாள் வட்டம், அதற்கடியில் சுருங்கிய கருந்தோல், வெயிலில் வாடிய வாழையிலைபோல் மடிப்பு மடிப்பாக. நாற்பதாண்டு டிரெடில் மிதித்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். “குத்தாதீங்க தம்பி. ஓரத்தோட கத்தியைச் சுத்தி விட்டு, தோசை திருப்புற மாதிரி தூக்குங்க. அடியில தேனாட்டம் கெடக்கும்” என்றார். அவ்வாறே கிடந்தது. ஆடை தடித்தால் அதுவே மூடியாகிறது. கீழுள்ளதைக் காற்றிலிருந்து காக்கிறது. குத்திக் கிளறினால்தான் கேடு: ஆடைத் துணுக்குகள் மையில் கலந்து, உருளைக்கு ஏறி, அச்சில் நடுப்புள்ளியும் சுற்றிலும் வெள்ளை வளையமுமாக விழும். விழுந்துவிட்டால், மெல்லிய துணியில் மையை முடிந்து கத்தியால் அழுத்திப் பிழிவதைத் தவிர வழியில்லை. கை கறுக்கும், இரண்டு நாள் சோறு பிசையும்போது நகக்கண் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

(ஈ) ஓவியப்பொருள் கடை. லினோ வெட்டு அச்சுக்கென்று குழல்களில் மை விற்கிறார்கள். வாய்–வயிறு நோக்கில் இவை குறைவற்றவை. ஆனால் நீரடிப்படையில் ஆனவை உலோக எழுத்துக்கு ஏற்றவையல்ல. தட்டில் பரவி முடிப்பதற்குள் காய்ந்துவிடும், ஈயத்திலும் சீராக நிற்காது. எண்ணெய் அடிப்படையில் ஆனவற்றில், வேல்ஸ் நாட்டில் கிரான்ஃபீல்டு நிறுவனம் செய்யும், சோப்பு நீரில் கழுவக்கூடிய மை 75 மில்லிக் குழலில் கிடைக்கிறது. நல்ல மை. இறக்குமதி விலைக்கும் அஞ்சல் செலவுக்கும் ஒப்புக்கொள்பவர் வாங்கலாம். பொடி எழுத்தின் கண்களை, குறிப்பாக 8 பாயிண்டில் ‘ஞ’வின் சுழியை, இத்தகைய கெட்டி மை அடைத்துவிடும் என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

8. மலையின் பங்கு

வடகவுஞ்சியில் குளிர், ஈரம், மேகம் மூன்றும் மையை வெவ்வேறு கட்டங்களில் தொடுகின்றன.

முதற்கட்டம் உருளையில். குளிரில் பாகுத்தன்மையும் ஒட்டிழுவையும் ஏறுகின்றன. மார்கழிக் காலையில் டப்பாவிலிருந்து எடுத்த மை தாளின் நாரையே பிடுங்கிக்கொண்டு வரும். அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றி இளக்குவது பலர் செய்யும் பிழை. மை நீர்த்து எழுத்தின் ஓரம் கசியும். குழலை மூடியபடி வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தால் போதும். டப்பாவானால் கல்லில் எடுத்து வைத்து, கத்தியால் ரொட்டிமாவு தேய்ப்பதுபோல் இருபது முறை தேய்க்க வேண்டும். தேய்ப்பில் மை இளகும். விட்டால் மீண்டும் இறுகும்.

இரண்டாங்கட்டம் தாளில். வேதிவினைகள் பொதுவாக 10 பாகை குறைந்தால் பாதி வேகத்துக்கு இறங்குகின்றன. ஈரக்காற்று அதை மேலும் தாமதப்படுத்தும். பழனி அடிவாரத்தில் ஓரிரவில் காயும் அட்டை மேலே இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அட்டைகளை அடுக்கி வைத்தால் மேலட்டையின் பின்புறத்தில் கீழட்டையின் எழுத்து கண்ணாடி பிம்பமாய்ப் படியும். கொடிக்கயிற்றில் கிளிப்பு மாட்டித் தொங்கவிடுவதே நாம் கண்ட வழி. காப்பி உலர்த்தும் களத்தில் பரப்பியும் பார்த்தோம். ஒரு மந்தி வந்து ஏழு அட்டைகளை எடுத்துக்கொண்டு போயிற்று.

மூன்றாங்கட்டம் கலத்தில். தாளில் உலர்தலைத் தாமதிக்கும் அதே குளிர் கலத்தில் ஆடையையும் தாமதிக்கிறது. தொழில் அச்சகத்துக்கு முதலது பேரிழப்பு. மறுநாள் காலை கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாக வேண்டும். பொழுதுபோக்குக்காரருக்கு அட்டை எப்போது காய்ந்தாலும் சரி, மை கெடாமலிருந்தால் போதும். இவ்விடத்தில் மலை நம் பக்கம் நிற்கிறது. ஒரே சரக்கைச் சமவெளியில் வைப்பதினும் மேலே வைப்பது திறந்தாயுளை நீட்டும்.

9. கூறு முறையும் காப்பும்

முன்சொன்னவை அனைத்தையும் சேர்த்தால் ஒரு வழி தெளிகிறது. புது டப்பாவை ஒருவர் மட்டும் வைத்துத் தின்னப் பார்ப்பதைவிட, திறந்த நாளிலேயே முழுதையும் குழல்களுக்கு மாற்றிவிடுவது. கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில் காயைக் கூறு கட்டி விற்பதுபோல் கிலோவைப் பத்துக் கூறாக்கி, மதுரை, கோவை, சென்னை என்று எழுத்தச்சில் ஆசையுள்ளவர்களுக்கிடையே பிரிக்கலாம். ஆளுக்கு நூறு கிராம். விலையும் பத்தில் ஒரு பங்கு. கறுப்பு, மெஜந்தா, மஞ்சள், நீலம், ஒளி புகும் வெள்ளை என ஐந்து டப்பாவை ஐந்து பேர் ஆளுக்கொன்றாய் வாங்கிக் கூறு மாற்றிக்கொண்டால் இன்னும் நன்று. தனி நிறங்களைத் தேடவேண்டியிருக்காது.

மாற்றும் முறை: பின்பக்கம் திறந்த வெற்று அலுமினியக் குழல்கள் ஓவியப்பொருள் கடைகளில் கிடைக்கும். மூடியைத் திருகி, தலைகீழாய் டம்ளரில் நிறுத்தி, கத்தியால் சிறிது சிறிதாக வைத்து, அவ்வப்போது மேசையில் தட்டிக் காற்றை வெளியேற்றி, முக்கால் நிறைந்ததும் வாலை மும்முறை மடிக்க வேண்டும். குழல் கிடைக்காதவர் மருந்துக்கடையில் 20 மில்லி ஊசிக்குழாயை ஊசியின்றி வாங்கிக்கொள்ளலாம். அதன் ரப்பர் நுனி எண்ணெயில் ஊறிப் பருக்கும் என்பதால் சில வாரங்களுக்குமேல் நம்பக்கூடாது. பழனிப் பஞ்சாமிர்த டப்பாவில் மை வைத்திருப்பவர்களையும் கண்டோம். வாய் அகலம் என்பது ஒரு குறை; வீட்டில் குழந்தைகள் உண்டென்றால் அதைவிடப் பெரிய குறை வேறு.

டப்பாவிலேயே வைப்பவர் மையின் மேற்பரப்பைக் கத்தியால் மட்டப்படுத்தி, பள்ளம் விடாமல், எண்ணெய்த்தாள் வட்டத்தைக் காற்றுக்குமிழ் இன்றி ஒட்டவேண்டும். எடுக்கும்போது குழி தோண்டாமல் மேலாக வழித்தெடுக்க வேண்டும். குழி என்பது வாயின் பரப்பைப் பெருக்குவது.

துடைத்த துணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால், உலரும் வினையில் எழும் சூடு உள்ளேயே தங்கித் தானாய்த் தீப்பற்றக்கூடும். விறகும் காய்ந்த சருகும் அடுத்திருக்கும் மலைவீட்டில் இது வெறும் ஏட்டு எச்சரிக்கையன்று. விரித்துக் காயவைத்துப் பிறகு அப்புறப்படுத்துக, அல்லது நீர் நிறைந்த தகரத்தில் போட்டு மூடுக. மண்ணெண்ணெய் ரேஷனிலும் அரிதாகிவிட்ட இந்நாளில் முதல் துடைப்புக்குப் பழைய சமையல் எண்ணெயே போதும். கடைசித் துடைப்புக்கு மட்டும் மண்ணெண்ணெய். அதைப் பேருந்தில் கொண்டு ஏறுவது கூடாது; மையை ஏற்றலாம், மூடியை ஒட்டுநாடாவால் சுற்றி, நிமிர்த்தி வைத்து.

ஒவ்வொரு குழலின் வாலிலும் மூன்று செய்திகளை எழுதி ஒட்டுகிறோம்: மூல டப்பாவின் பெயரும் எண்ணும், குழலுக்கு மாற்றிய நாள், முதன்முறை திறந்த நாள். நிறத்தை எழுதுவதில்லை. வாலை மடிக்குமுன் கத்திநுனியால் ஒரு பொட்டு எடுத்து அந்தச் சீட்டிலேயே விரலால் தேய்த்துவிட்டால், அது மெல்லப் பரந்த இடத்தில் எப்படி இருக்கும், தடித்த இடத்தில் எப்படி இருக்கும் என்று இரண்டையும் காட்டும். அந்தப் பொட்டு காய எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்கிறோம். இந்த ஆடியில் ஒட்டிய கறுப்புக்கு நான்கு நாள்.